புது வருஷத்தில் குயில்ட் பழகப் போகிறீர்களா? போர்வையில் தொடங்காதீர்கள்

ஜனவரி பிறந்தால் எங்கள் தையல் வகுப்புக்கு ஒரு புதுக் கூட்டம் வரும். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மேலப்பாளையம், அந்தப் பக்கம் முக்கூடல் வரைக்கும். எல்லார் மொபைலிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கும். இரட்டைக் கட்டில் முழுக்க விரித்த குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வை, நட்சத்திரம் நட்சத்திரமாக. "டீச்சர், இத மாதிரி ஒண்ணு சித்திரைக்குள்ள முடிச்சிரணும்" என்பார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நட்சத்திரத்தை விடுங்கள். இருப்பதிலேயே எளிதான 'ஒன்பது கட்டம்' மாதிரியை எடுத்துக்கொள்வோம். இரண்டரை இஞ்சு சதுரத் துண்டுகள் ஒன்பதை மூன்று வரிசையாக இணைத்தால், தைத்து முடிந்த பிறகு 6 இஞ்சு கட்டம் ஒன்று கிடைக்கும். 90 இஞ்சுக்கு 96 இஞ்சு போர்வை என்றால் 240 கட்டம் வேண்டும். அதாவது 2,160 துண்டு. வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், அயர்ன் பண்ண வேண்டும். இவ்வளவும் முகப்புக்கு மட்டும். அதன் கீழே பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஊடு தையல், கடைசியில் ஓரம் கட்டும் பைண்டிங். பங்குனி வெயில் ஏறும்போது இந்த மூட்டை பீரோவுக்கு மேலே போய்விடும். வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் நான் முதலில் கொடுப்பது ஒரே ஒரு வேலை. கால் இஞ்சு தையல்.

குயில்ட்டில் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் விட வேண்டிய இடம் கால் இஞ்சு, நம்ம ஊர்க் கணக்கில் இரண்டு நூல். இதில் அரை நூல் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துண்டும் ஆளுக்கு அரை நூல் இழக்கும், ஆக ஒரு நூல். ஒன்பது கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல், ஆக இரண்டு நூல். சுற்றிலும் தையலுக்கு விட்ட கால் கால் இஞ்சோடு ஆறரை வர வேண்டிய கட்டம் ஆறே காலாக நிற்கும். 15 கட்டத்தை ஒரு வரிசையாகச் சேர்த்தால் அதில் மொத்தம் 44 தையல். ஐந்தரை இஞ்சு காணாமல் போயிருக்கும். எல்லாத் தையலும் ஒரே மாதிரி தப்பினால்கூடப் பரவாயில்லை, போர்வை சின்னதாகும், அவ்வளவுதான். நடப்பது அப்படி இல்லை. காலையில் தைத்த வரிசை ஒரு மாதிரியும் சாயங்காலம் தைத்தது இன்னொரு மாதிரியும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூலை மூலையோடு சேராது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் உப்பும்.

உங்கள் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒன்றரை இஞ்சு அகலம், மூன்றரை இஞ்சு நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். நீளப் பக்கங்களைச் சேர்த்து மூன்றையும் இணைத்துத் தையுங்கள். அயர்ன் பண்ணிவிட்டு நடுப்பட்டையின் அகலத்தை அளந்தால் சரியாக 1 இஞ்சு இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து மூன்றரை. குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, கூடினால் வெளியே ஓடியிருக்கிறது. அயர்ன் பண்ணுமுன் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். துணி மடியும் இடமும் நூலின் தடிமனும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அதனால்தான் கால் இஞ்சில் ஒரு மயிரிழை குறைத்தே தைக்கச் சொல்கிறேன். இடம் பிடிபட்டதும் ஊசித் தட்டின் மேல் அந்தத் தூரத்தில் பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக ஒட்டி ஒரு வரப்பு கட்டிவிடுங்கள். துணி அதை உரசிக்கொண்டே போகட்டும். உங்கள் கண் ஊசியைப் பார்க்க வேண்டாம், வரப்பைப் பார்த்தால் போதும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரம்தான் கால் இஞ்சு என்று நம்பிவிடாதீர்கள். அது மெஷினுக்கு மெஷின் மாறும்.

இதில் தடுமாறுபவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? புதுசாக வருபவர்கள் இல்லை, ஜாக்கெட் தைத்துத் தைத்துக் கை தேர்ந்தவர்கள். "டீச்சர், வருசக் கணக்கா ஜாக்கெட் தைக்கேன், எனக்குப் போய் பட்டை தைக்கச் சொல்லுதியளே!" என்று ஒரு அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்குத் தாராளமாகத் துணி விடுவோம். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். உள்ளே எவ்வளவு பிடித்தோம் என்பது வெளியே தெரியாது, கண் அளவே போதும். குயில்ட்டில் அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. அந்த அக்காவின் நடுப்பட்டை ஒரு நூல் குறைந்து நின்றது. அளந்து பார்த்தபின் பேச்சு இல்லை, பிளாஸ்திரி எங்கே என்று கேட்டார்.

மாறாக, பீடி சுற்றிய கைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இலையை நனைத்து, அளவுத் தகட்டை மேலே வைத்து, கத்தரியால் ஒரே அளவில் வெட்டிப் பழகியவர்கள். அட்டை வார்ப்பை வைத்துத் துணி வெட்டச் சொன்னால் அவர்களுக்கு அது புது வேலையே இல்லை. 'இதெல்லாம் வெளிநாட்டு வேலை, நமக்கு வருமா' என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பத்தமடையில் கோரையைக் கீறிப் பட்டுத்துணி மாதிரிப் பாய் நெய்கிறார்கள். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலை 19ஆம் நூற்றாண்டிலேயே நம்ம ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். நுணுக்க வேலைக்கு இந்தப் பக்கத்தில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

கால் இஞ்சு கைக்கு வந்த பிறகு அடுத்த எதிரி 'கிராஸ்'. சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் ஆக்கியதுமே அந்த நீளப் பக்கம் ரப்பர் மாதிரி இழுபடும். ஜாக்கெட்டில் நமக்கு வேண்டிய குணம்தான், இங்கே வேண்டாத குணம். இதற்கு நம்ம வீட்டு வைத்தியம் கஞ்சி. துணியை வெட்டுமுன்பே வடிகஞ்சியை நன்றாக வடிகட்டித் தண்ணீர் விட்டு, அதில் நனைத்து உலர்த்தி, லேசாக ஈரம் தெளித்து அயர்ன் பண்ணிவிட்டால் துணி காகிதம் போல நிற்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் அலசிவிடுங்கள், கஞ்சி வாசத்துக்குக் கரப்பான் வரும். அளவில் இன்னொரு சூட்சுமம். இரண்டு முக்கோணத்தைச் சேர்த்து, முடிந்த பின் 3 இஞ்சு சதுரம் வேண்டும் என்றால், முக்கோணத்துக்கு வெட்ட வேண்டிய சதுரம் 3 இஞ்சு 7 நூல். நான் அதையும் செய்வதில்லை. 4 இஞ்சாகவே வெட்டி, தைத்து, அயர்ன் பண்ணி, மூன்றரைக்கு ஓரம் நறுக்கிவிடுவேன். கொஞ்சம் துணி வீணாகும், வீணாகட்டும்.

அயர்ன் பண்ணுவதும் சட்டைக்குப் பண்ணுகிற மாதிரி இல்லை. பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் அத்தனை நேரம் காப்பாற்றிய அளவு வளைந்துவிடும். ஒரு வரிசையின் தையல்களை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையை இடப்பக்கம் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலை தானாகவே சேரும்.

துணி விஷயத்துக்கு வருவோம். தையல்காரரிடம் வாங்கி வருகிற வெட்டுத்துணி மூட்டையில் எல்லாமே கலந்து கிடக்கும். மேட்சிங் கடையில் கேட்டால் நூறு நிறத்தில் 'டூ பை டூ' ஜாக்கெட் துணி எடுத்துப் போடுவார்கள், பழகுவதற்கு நல்ல துணி. ஆனால் டூ பை டூ என்ற பெயரிலேயே பாலியஸ்டர் கலந்ததும் வருகிறது. ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாகச் சுருளும். வாங்கிய பருத்தியை வெட்டுமுன் ஒரு தடவை நனைத்துக் காய வைப்பது கட்டாயம். ஒரு துணி சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால், முதல் சலவையிலேயே எல்லாம் கோணலாகும். அரக்கு, கருநீலம், அடர் பச்சையை வெள்ளைத் துண்டோடு வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சாயம் போகிறதா என்று தெரியும். பழைய சேலை என்றால் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்து இழை தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும், அதை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அம்மா சேலை ஆயிற்றே என்று அதையும் சேர்த்தால் ஒரே வருஷத்தில் அங்கேதான் கிழியும்.

நடுவில் என்ன வைப்பது? வீட்டில் இலவம் பஞ்சு இருக்கிறது, வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். தலையணைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஆனால் இழை குட்டை, வழுக்கும், ஒன்றோடொன்று பிடிக்காது. துவைத்தால் ஒரு மூலையில் திரண்டுவிடும். விரிப்பாகக் கிடைக்கும் பருத்திப் பஞ்சு நல்லது. நம்ம ஊர் வெயிலுக்கு அதுவும் பல மாதம் அதிகம்தான். மார்கழி, தை விடியலில்தான் போர்வையே தேடுவோம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய டபுள் வேட்டியை நடுவில் வைத்துப் பாருங்கள், இலேசாகவும் இருக்கும், சீக்கிரம் காயும். எதை வைத்தாலும் ஊடு தையல்களுக்கு இடையே 4 இஞ்சுக்கு மேல் விடாதீர்கள்.

மெஷின் புதுசாக வாங்க வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். வீட்டில் கிடக்கும் கால் மெஷின் நேர்த்தையலில் பல புது மெஷினைவிட ஒழுங்கு. இணைப்புக்கு 14ஆம் நம்பர் ஊசி, மூன்றடுக்குக்கு 16. இஞ்சுக்கு 10 முதல் 12 தையல். ஊசி துணியில் இறங்கும்போது 'டப் டப்' என்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள், மொட்டை ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மெஷினே இல்லாதவர்களும், அளவு என்றாலே எரிச்சல் வருபவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பழைய துணித் துண்டுகளை அடித்துணியின் மேல் ஓரத்திலிருந்து வைத்து, மடித்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே உள்நோக்கிப் போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் 'பூ' வைத்தால்தான் அது முழுமை. துண்டுக்குத் துண்டு அளவு பொருந்த வேண்டியதே இல்லை, அதனால் கால் இஞ்சுத் தொல்லையும் கிடையாது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம். என்னைக் கேட்டால், பழைய சேலை நிறைய வைத்திருக்கும் வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

மெஷின் வழியில் போகிறவர்கள் முதல் இரண்டு மாதத்துக்கு அடுப்புப் பிடிதுணி மட்டும் தையுங்கள். ஒரே ஒரு ஒன்பது கட்டம், உள்ளே பழைய டவல் இரண்டு மடிப்பு. பாலியஸ்டர் விரிப்பை இதில் வைக்கவே கூடாது, சூட்டில் உருகும். ஒரு பிடிதுணியில் வெட்டு, தையல், அயர்ன், ஊடு தையல், பைண்டிங் எல்லாம் வந்துவிடும். கோணலாகப் போனாலும் குழம்புச் சட்டியை இறக்க ஆகும். பிறகு தலையணை உறை. அதற்கும் பிறகு மேஜை விரிப்பு. போர்வையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

சக்கரம் போல உருட்டித் துணி வெட்டும் ரோட்டரி கட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. அது பிளேடு. வீட்டில் நாம் எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூடிவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும், உடம்பை விட்டு விலகும் திசையில்தான் தள்ள வேண்டும், ஸ்கேலைப் பிடித்த விரல் அதன் ஓரத்தைத் தாண்டக் கூடாது. மோட்டார் போட்ட மெஷினில் நூல் கோக்கும்போது சுவிட்சை அணையுங்கள். விரலில் ஊசி ஏறி உடைந்துவிட்டால் வீட்டிலேயே நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். துண்டு உள்ளே நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில்தான் தெரியும். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதையும் டாக்டரே சொல்லட்டும். குண்டூசிகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடி நம்பரைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், பாதிப் பேருக்குத் தையல் கோணுவதே அதனால்தான். கழுத்து இறுகுகிற வரை உட்காராமல் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடியுங்கள். பீடி சுற்றியவர்களுக்கு ஏற்கெனவே கழுத்தும் தோளும் தேய்ந்திருக்கும், அவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

கடைசியாக, பேரப்பிள்ளைக்குத் தைக்க வரும் ஆச்சிமாருக்கு. ஜனவரிக் கூட்டத்தில் நீங்கள்தான் பெரும்பான்மை. ஒரு வயதுக்குள்ளான பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, மெத்தென்ற விரிப்பு எதுவும் வேண்டாம், முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொட்டிலிலும் போட வேண்டாம். பிள்ளை முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்கலாம். பொத்தான், மணி, லேஸ் எதுவும் வைத்துத் தைக்காதீர்கள். போர்த்திக்கொள்ளும் குயில்ட் ஒரு வயது தாண்டிய பிறகு போதும். அதற்குள் உங்களுக்கும் பைண்டிங் மூலை ஒழுங்காக மடிக்க வந்திருக்கும்.