ரிமோட்டை ‘பேர்’ பண்ணுவது: இணைத்தலா, பழக்குதலா?

‘பேரிங்’ என்று தமிழில் எழுதினால் ஃபேனுக்குள் தேய்ந்துபோகிற பேரிங்தான் முதலில் ஞாபகம் வரும். அது இல்லை, ரிமோட் சொன்னபடி சுவிட்ச் கேட்க இரண்டையும் ‘பேர்’ (pair) பண்ணுவது என்கிறோமே, அது.

வேர் லத்தீன். ‘பார்’ என்றால் சமம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பேர்’ ஆனது, கோல்ஃபில் சொல்கிற ‘பார்’ கூட இதே சொல்தான். நம்ம ‘இணை’யும் அச்சாக இப்படித்தான்: இணையடி என்றால் இரண்டு பாதம், இணையில்லாதவன் என்றால் தனக்குச் சமமானவர் இல்லாதவன். அதனால் ‘இணைத்தல்’ என்று போட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். புளூடூத்துக்கு அது சரி, அங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்கின்றன.

433.92 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவான ரேடியோ சுவிட்சுகளில் அப்படி இல்லை. நெதர்லாந்தில் சுருக்கமாகக் காக்கு என்கிற KlikAanKlikUit வகையையோ ஸ்வீடனின் நெக்ஸா வகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் 26 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு, அதாவது 6 கோடியே 71 லட்சம் சாத்தியங்கள். சுவிட்சைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, சில விநாடிகளுக்குள் ரிமோட்டில் ‘ஆன்’ அழுத்தினால் சுவிட்ச் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளும். அதே நிலையில் ‘ஆஃப்’ அழுத்தினால் மறந்துவிடும். ரிமோட்டுக்கோ எதுவுமே தெரியாது, அது பாட்டுக்குக் கத்திவிட்டுப் போகிறது, கேட்டவர் கேட்டுக்கொள்ளலாம்.

அதனால் இதற்கு என் ஓட்டு ‘பழக்குதல்’. மாட்டை வண்டிக்குப் பழக்குகிறோம் என்கிற அதே பழக்குதல்தான், பழகுவது ஒரு பக்கம் மட்டும். கணினியில் ஆர்எஃப்எக்ஸ்ட்ரெக்ஸ் 433 (RFXtrx433) மாதிரி ஒரு ரேடியோ கருவியைச் செருகி, ஹோம் அசிஸ்டண்ட், டொமோட்டிக்ஸ் (Domoticz) போன்ற வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருளில் அமைக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உதவும். கணினி இன்னொரு ரிமோட், அவ்வளவுதான். கையில் இருக்கும் ரிமோட்டின் எண்ணைத் திருடத் தேவையில்லை. கணினிக்கென்று தனி எண் கொடுத்து, சுவிட்சைக் கற்கும் நிலையில் வைத்து, கணினியிலிருந்து ‘ஆன்’ அனுப்பிப் பழக்குங்கள். பழைய ரிமோட்டும் வேலை செய்யும், ஏனென்றால் பெரும்பாலான சுவிட்சுகள் பல எண்களை நினைவில் வைக்கும்.

அப்புறம், சுவிட்ச் பதில் பேசாது. விளக்கு எரிகிறதா என்று கணினி ஊகிக்கத்தான் முடியும், ஹோம் அசிஸ்டண்ட் அதனால்தான் இந்த மாதிரி சுவிட்சுக்கு ஒற்றைப் பொத்தானுக்குப் பதில் ஆன், ஆஃப் என்று இரண்டு காட்டுகிறது.

‘ஜோடி சேர்த்தல்’ என்றும் சிலர் சொல்வார்கள், அது கல்யாணத் தரகருக்குத்தான் பொருத்தம். ஏ முதல் பி வரை எழுத்தும் 1 முதல் 16 வரை எண்ணும் திருகி வைக்கும் பழைய வகை இருக்கிறதே, அதில் கற்பதும் இல்லை, மறப்பதும் இல்லை. அதை ‘குறி பொருத்துதல்’ என்றால் போதும். (அந்த ‘பி’ ஆங்கில வரிசையில் 16-வது எழுத்து, இரண்டாவது இல்லை.)