பட்டை எது, மரம் எது

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாம் அது. எதிரே உட்கார்ந்தவருக்கு 68 வயது. ஆயுசில் பாதி ரப்பர் தோட்டத்தில் பால்மரத்தோடு போனவர். பயாப்சியில் புராஸ்டேட் புற்றுநோய் என்று வந்திருந்தது. நல்லவேளை, சுரப்பியைத் தாண்டவில்லை.

“டாக்டர் தம்பி, கோலாலம்பூர்ல இருக்கிற மகன் ஆபரேஷன ரோபோட்லதான் செய்யணும்ங்கிறான். இபிஎஃப் சேமநிதிக் காச எடுக்கிறேங்கிறான். பால் வெட்டுறப்ப கத்தி பட்டையைத் தாண்டி மரத்துல பட்டா கை சொல்லிடும். மிஷினுக்கு யாரு சொல்லுவா?”

சிறுநீரியல் அறுவை மருத்துவர்கள் இருபது வருடத்துக்கு மேலாக அடித்துக்கொள்கிற விஷயம் இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கினேன். ரோபோட் தானாக எதையும் வெட்டாது. மருத்துவர் சில அடி தள்ளி ஒரு கட்டுப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார். வயிற்றுக்குள் இருக்கும் சின்னக் கருவிகள் அதே மாதிரி அசையும். மருத்துவர் அந்தக் காட்சியை விட்டுத் தலையை எடுத்துவிட்டால் கருவி நின்றுவிடும்.

ஆனால் கை சொல்லுவது? அங்கேதான் பெரியவர் சரியாகப் பிடித்தார். இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் தொடுஉணர்வு கிடையாது. கற்றுக்கொண்ட நாட்களில் தையல் நூலை இழுத்து இழுத்து அறுத்திருக்கிறேன். எவ்வளவு இழுக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது. நூல் விறைப்பதையும் தசை வெளுப்பதையும் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண் வருவதற்கு மாதங்கள் ஆகின. திறந்த அறுவையில் கை பழகிய என் மூத்தவர்கள் சிலர் கடைசிவரை அந்தப் பக்கம் வரவில்லை. பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

கோலாலம்பூர் மருத்துவமனையில் 2004லேயே இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அதனால் இது நமக்குப் புதிது இல்லை. புதிது என்பதுபோல் விளம்பரப் பலகைகள்தான் பேசுகின்றன. எங்களிலும் இரண்டு கட்சி உண்டு. கருவி வாங்கிவிட்டதால் எல்லாவற்றுக்கும் அதுதான் என்பவர்கள் ஒரு பக்கம், தனக்கு வராததால் அது வெறும் விளையாட்டுச் சாமான் என்பவர்கள் இன்னொரு பக்கம். நோயாளி இரண்டு பேரிடமும் மாட்டிக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த 326 ஆண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் திறந்த அறுவை, பாதிப் பேருக்கு ரோபோட். 2016இல் முதல் முடிவு வந்தது. ரோபோட் பக்கம் ரத்த இழப்பு குறைவு, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். ஆனால் சிறுநீர் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் 12 வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 2018இல் வந்த இரண்டு வருடக் கணக்கிலும் இல்லை. நோயாளிக்கு ராத்தூக்கம் கெடுவதோ அந்த இரண்டை நினைத்துத்தான்.

சிறுநீரகக் கட்டி வேறு கதை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், ரத்தக்குழாயை அடைத்து வைத்து அரைமணிக்குள் வெட்டித் தைக்க வேண்டும். அங்கே மணிக்கட்டு போல் திரும்பும் கருவி கிடைத்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வயசானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கோ பெரும்பாலும் வயிற்றில் கீறலே தேவையில்லை, சிறுநீர்ப் பாதை வழியாகவே செய்துவிடலாம். அதற்கும் ரோபோட் கேட்டு வருகிறார்கள்!

பெரியவரிடம் சொன்னேன்: “ஐயா, மிஷின் இருக்கான்னு கேக்காதீங்க. செய்யப்போறவர் இதுவரைக்கும் எத்தன பேருக்குச் செஞ்சிருக்காரு, அதுல எத்தன பேரு ஒரு வருசம் கழிச்சும் மூத்திரம் கசியுதுன்னு பேட் வைக்கிறாங்கன்னு கேளுங்க. அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் ஒரு வார்த்த கேட்டுட்டு இபிஎஃப்ல கை வைங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நீங்க மொதமொத செஞ்சீங்களே, அவரு எப்படி இருக்காரு?”

பத்து மாதம் பேட் வைத்தார், இப்போது பரவாயில்லை என்றேன். மறைக்க மனசு வரவில்லை.

“எங்க தோட்டத்துல புதுசா கத்தி புடிக்கிறவனுக்கு, சாய்க்கப்போற கெழட்டு மரத்தத்தான் குடுப்பாங்க தம்பி” என்று சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.