கறந்த பாலுக்கு டிகிரி குறைவது ஏன்?

கும்பகோணத்திலிருந்து திருவையாறு செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, மாட்டுத் தொழுவத்தை ஒட்டியே காபிக் கடை வைத்திருக்கும் ஒரு பண்ணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சென்றிருந்தோம். காலை 6 மணிக்குக் கறவை முடிந்ததும், பண்ணைக்காரர் நுரை ததும்பிய பாலை நீளமான குவளையில் ஊற்றி, அதில் பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான லாக்டோமீட்டரை மெல்ல இறக்கினார். பால்மட்டம் அதன் கண்ணாடித் தண்டில் 25 என்ற கோட்டில் நின்றது. எங்கள் கண்முன்னே கறந்த பால், ஒரு சொட்டுத் தண்ணீரும் சேராத பால், நல்ல பசும்பாலுக்குரிய 28-ஐ எட்டவில்லை. “ரெண்டு மணி நேரம் போகட்டும் சார், தானா ஏறும்” என்றார் அவர். 8 மணிக்கு அதே பாலில் அதே கருவி 28-ஐக் காட்டியது.

‘டிகிரி காபி’ என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, இந்தக் கருவி காட்டும் டிகிரியிலிருந்தே அது வந்தது என்பது. பெயர்க்கதை எப்படியிருந்தாலும், கருவியின் வேலை எளிமையானது. அடர்த்தி மிகுந்த திரவத்தில் அது குறைவாக மூழ்கும். அடர்த்தி குறைந்தால் ஆழமாக இறங்கும். 28 என்ற அளவீட்டுக்குப் பாலின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.028 மடங்கு என்று பொருள். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர்தான்; அதில் கரைந்திருக்கும் சர்க்கரையும் புரதமும் தாது உப்புகளும் அடர்த்தியைக் கூட்டுகின்றன, தண்ணீரைவிட இலேசான கொழுப்போ அதைக் குறைக்கிறது.

அப்படியானால் இரண்டு மணி நேரத்தில் என்ன மாறியது? முதலில் சூடு. மடியிலிருந்து பால் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸில் வருகிறது. நம் ஊரில் புழங்கும் லாக்டோமீட்டர்களில் பல 84 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு, அளவு குறிக்கப்பட்டவை. சூடான பால் விரிந்து இலேசாக இருப்பதால் கருவி கூடுதலாக மூழ்குகிறது. ஆறிய பிறகு வெப்பநிலைக்குரிய திருத்தத்தைச் செய்து பார்த்தாலும், கறந்த பாலின் அடர்த்தி சில மணி நேரம் வரை சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டுதான் இருக்கும். இதற்கு ரெக்னாகல் விளைவு என்று பெயர். பீச்சும்போது பாலில் சிக்கிய காற்றும், ஏற்கெனவே கரைந்திருந்த வாயுக்களும் வெளியேறுகின்றன. மடியின் சூட்டில் முழுதும் உருகியிருந்த கொழுப்பில் ஒரு பகுதி மெல்ல உறைந்து சுருங்குகிறது. ஆக, அப்போதுதான் கறந்த பாலே இந்தச் சோதனையில் தோற்றுப்போகக்கூடிய பால் என்பது கடைக்கு வந்திருந்த பலருக்கு வியப்பாக இருந்தது.

இதே கருவியை ஏமாற்றுவதும் எளிது. ஏட்டை எடுத்துவிட்டால் டிகிரி ஏறும். பிறகு தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கு இறங்கும். இரண்டையும் செய்தவர் பால் 28 காட்டும். அதனால்தான் பால் சொசைட்டிகளில் லாக்டோமீட்டரை மட்டும் நம்புவதில்லை. கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைத் தனியே அளக்கும் ஜெர்பர் முறையோ, இப்போது பரவலாகிவிட்ட பால் பகுப்பாய்வுக் கருவியோ துணைக்கு வருகிறது.

இனி காபிக்கு வருவோம். கடையில் பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சிய பிறகே டிகாக்‌ஷனில் ஊற்றினார்கள். பச்சைப்பாலில் காசநோய், புருசெல்லோசிஸ் போன்ற நோய்களின் கிருமிகள் இருக்கலாம் என்பதால் இது சடங்கு அன்று, தேவை. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றும்போது காற்று உள்ளே புகுந்து குமிழிகளாகிறது. பாலின் புரதங்கள் அந்தக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல்போலப் படிந்து அவை உடையாமல் தாங்குவதால் நுரை நிற்கிறது. இந்த நுரைக்குப் பகை, கொழுப்பு சிதைவதால் பிரியும் கொழுப்பு அமிலங்கள். பாலில் கொழுப்பு ஒவ்வொன்றும் தனித்தனி உறை போர்த்த நுண்துளிகளாக மிதக்கிறது. காய்ச்சாத பால் வண்டியில் கேனோடு குலுங்கும்போது உறைகள் கிழிகின்றன. பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி உள்ளே நுழைந்து கொழுப்பை உடைக்கிறது. அப்படி விடுபடும் அமிலங்கள் குமிழிகளின் மேற்பரப்பிலிருந்து புரதத்தைத் தள்ளிவிட, நுரை அமுங்கிப்போகிறது. தொழுவத்திலிருந்து அடுப்புக்குப் பத்து அடி தூரமே உள்ள கடையில் இந்தக் குலுங்கலுக்கு இடமில்லை. என் கணிப்பில், பண்ணைக் காபியின் சிறப்பு பால் கறந்த நிமிடத்தில் இல்லை. பால் பயணம் செய்யாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அதை மறந்து நானே ஒரு லிட்டர் பச்சைப்பாலை பாட்டிலில் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டேன். கோயில், உறவினர் வீடு எல்லாம் சுற்றி வீடு சேர்ந்தபோது மாலை 6 மணி. மோந்து பார்த்தேன், புளித்த வாடை இல்லை. அடுப்பில் ஏற்றியதும் பால் திரிந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு மணி நேர வெக்கையில் நுண்ணுயிரிகள் பெருகிப் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தன. கேசீன் புரதத் திரள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் கூடக் கூட அந்த விலக்கம் தளர்கிறது. நாக்குக்குப் புளிப்புத் தெரியும் முன்பே, தளர்ந்து நின்ற திரள்களைக் கொதியின் சூடு ஒட்டவைத்துவிடும். முன்பெல்லாம் பால் வாங்கும் இடங்களில் சிறிதளவு பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்தது இதற்காகவே. பண்ணைக்காரர் புறப்படும்போது “காய்ச்சி எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னதும் இதற்காகவே. திரிந்ததைத் துணியில் வடிகட்டி, மறுநாள் பன்னீர்ப் பொரியல் செய்தோம்.