ஒரு ரிங்கிட் நோட்டும் ஒரு பெனால்டியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பந்தாட்டம் காட்டும் மாமாக் கடைகளில் தே தாரிக் ஆறிப்போக முக்கியக் காரணம் பெனால்டிதான். கோல் என்றால் ஒரு கூச்சலோடு முடிந்துவிடும். பெனால்டி என்றால் கடைக்காரர் நாற்காலியை அடுக்கும்வரை ஓடும். "கையைக் கொண்டுபோறான், நல்லா பாருண்ணே!" "பந்து வந்து பட்டா அவன் என்னடா செய்வான்?" இரண்டு பேரும் பார்த்தது ஒரே திரையை.

2018 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நடந்ததும் இதுதான். பிரான்சின் கார்னர். மத்துயிடி எகிற, அவருக்குப் பின்னால் நின்ற குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. நடுவர் பிட்டானா முதலில் பெனால்டி கொடுக்கவில்லை. வி.ஏ.ஆர்., அதாவது வீடியோவில் பார்த்து உதவும் நடுவர், அழைத்ததும் ஓரத்துத் திரையில் பார்த்தார், கிளம்பினார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார். பெனால்டி! கிரீஸ்மன் அடித்து 2-1 ஆனது.

பெரிசிச்சால் கையை எடுத்திருக்க முடியுமா? இதை மேசையிலேயே சோதிக்கலாம். ஒரு ரிங்கிட் நோட்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நண்பர் அதன் நடுப்பகுதிக்கு இருபுறமும், தொடாமல், விரல்களை வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விடுங்கள். நோட்டு 12 செ.மீ. நீளம், பாதி, அதாவது 6 செ.மீ. விழ ஏறக்குறைய 0.11 விநாடிதான். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் மூட 0.2 விநாடி வேண்டும். நோட்டு கீழே கிடக்கும். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கும் 0.13 விநாடிதான் ஆகும்.

இப்போது அதையே ஸ்லோ மோஷனில், நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். 0.13 விநாடி அரை விநாடியாக நீள்கிறது. ஆட்டக்காரருக்குக் கிடைக்காத நேரத்தை நாம் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்: "யோசித்துத்தான் செய்தான்." அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கொள்ளையில் நடந்த துப்பாக்கிச்சூட்டை ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள், அது வேண்டுமென்றே செய்தது என்று சொல்ல அதிகம் சாய்ந்தார்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று திரையில் காட்டியும் அந்தச் சாய்வு முழுசாகப் போகவில்லை. நடுவர்களும் விதிவிலக்கில்லை. ஐரோப்பிய நடுவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், ஃபவுலா இல்லையா என்பதில் ஸ்லோ மோஷனால் பெரிய வித்தியாசம் வரவில்லை. கார்டின் நிறம்தான் ஏறியது, அதாவது தண்டனை கடுமையானது.

அதனால்தான் வி.ஏ.ஆர். நெறிமுறை வேலையைப் பிரித்திருக்கிறது. பந்து எங்கே பட்டது, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு ஸ்லோ மோஷன். மோதலின் வேகத்துக்கும், கையில் பட்டது குற்றமா என்பதற்கும் சாதாரண வேகம். அப்புறம் இன்னொன்று, நம் மேசையில் யாருமே கண்டுகொள்ளாதது: வி.ஏ.ஆர். "இது சரியா?" என்று கேட்பதில்லை, "அப்பட்டமான தப்பா?" என்றுதான் கேட்கிறது. பத்துப் பேர் அரை மணி நேரம் மல்லுக்கட்டக்கூடிய ஒரு முடிவு எப்படி அப்பட்டமான தப்பாகும்? என்னைக் கேட்டால், பிட்டானா முதல் முடிவிலேயே நின்றிருக்கலாம்.

எங்கள் மேசையில் இதைச் சொன்னேன், நோட்டையும் விட்டுக் காட்டினேன். அண்ணன் மூன்று தடவையும் கோட்டைவிட்டார். குனிந்து நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இருந்தாலும் அது பெனால்டிதான்டா" என்றார்.