வீட்டில் ஊதா மருந்து இருக்கிறதா?

சிறு வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, ஊதா நிறத்தில் திட்டுத் திட்டான காலோடு பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு ஜென்ஷன் வயலட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மருத்துவமனையில் நாங்கள் 'ஜி.வி. பெயின்ட்' என்போம். மலிவானது, நல்ல மருந்தும்கூட. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே தடவிவிட்டு, நாட்கள் கடந்தபின் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு குழந்தைகள் நல மருத்துவராக எனக்கு அதுதான் கவலை.

அடிப்படையில் இது துணிக்குப் போடும் சாயம். 1884இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாக்களை இந்தச் சாயத்தால் நிறமேற்றி இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். 1912இல் அமெரிக்க மருத்துவர் சர்ச்மன் இன்னொன்றைக் கவனித்தார்: இந்தச் சாயம் முதல் வகையைத்தான் நன்றாக அடக்குகிறது, இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றை ஒன்றும் செய்வதில்லை. கேண்டிடா என்ற பூஞ்சையையும் அடக்கும். லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயின் கிருமி ரத்தம் வழியாகப் பரவாமலிருக்க, தானமாகப் பெற்ற ரத்தத்திலேயே இதைக் கலந்து வைத்திருந்தார்கள்.

ஆக, எல்லாப் புண்ணுக்கும் எல்லாக் கிருமிக்கும் இது மருந்தல்ல.

வாய்க்கு வருவோம். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளையாகப் படியும். சுத்தமான துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பால் என்றால் வந்துவிடும். பூஞ்சை என்றால் லேசில் வராது. வந்தாலும் அடியில் சிவந்திருக்கும். இதற்கு இப்போது பெரும்பாலும் நிஸ்டாடின் அல்லது க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டுதான் எழுதுகிறோம். அவை கிடைக்காத இடத்தில் ஜி.வி. இன்றும் கைகொடுக்கிறது. குழந்தைக்குத் தடவிவிட்டு அம்மாவின் மார்புக் காம்பைக் கவனிக்காமல் விட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் அடர்த்தி முக்கியம். வாய்க்கு 0.25 சதவீதம், தோலுக்கு 0.5 சதவீதம் என்பது வழிகாட்டுதல்களில் உள்ள அளவு. மருந்துக்கடை பாட்டிலில் பெரும்பாலும் 1 சதவீதம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே குழந்தையின் வாயில் தடவினால் மெல்லிய உட்தோல் வெந்து புண்ணாகும். விழுங்கினால் தொண்டையும் வீங்கலாம். தொடை இடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. "கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டா சீக்கிரம் ஆறும்" என்பது தவறான கணக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாய்ப் பூஞ்சைக்கு வெறும் 0.00165 சதவீதக் கரைசலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. நிறமே ஒட்டாத அந்த அளவும் நிஸ்டாடினுக்கு ஈடாக வேலை செய்தது. மருத்துவமனையிலேயே நீர்க்கச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கண்ணளவாகக் கலக்க வேண்டாம்.

அடுத்தது தொப்புள். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு குழந்தையைப் பாட்டி கொண்டுவந்தார். தொப்புளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஊதா. "எங்க காலத்துல எல்லாத்துக்கும் இதானே டாக்டர் போட்டோம்" என்றார். தொப்புளில் தொற்று இருக்கிறதா, அது வயிற்றுத் தோலுக்குப் பரவுகிறதா என்பதை நாங்கள் முதலில் சிவப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அங்கே சிவப்பைப் பார்க்கவே வழியில்லை. விரலால் தொட்டபோது தோல் தடித்து, சூடாக இருந்தது. கிட்டப் போனால் நாற்றம். "பாட்டி, நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க, ஆனா இந்தக் கலர் உள்ள நடக்கிறதை மறைச்சிடுச்சு" என்று சொல்லி அன்றே அட்மிட் செய்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கினோம். குழந்தை தேறிவிட்டது.

தொப்புள் கொடியில் எதுவுமே போட வேண்டாம். ஊதா மருந்து, விபூதி, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமாக, காய்ந்தபடி இருந்தால் தானாக விழும்.

தோலில் இரண்டொரு சின்ன சீழ்க்கொப்புளம் என்றால் மருத்துவர் சொன்னபடி ஜி.வி. தடவலாம். பத்தோ அதற்கு மேலோ இருந்தாலும், ஒரே பெரிய கட்டியாக இருந்தாலும் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், குழந்தை பால் குடிக்காவிட்டாலும், உடம்பு கொதித்தாலும் அல்லது சில்லிட்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

புற்றுநோய் பற்றியும் கேட்கிறார்கள். விலங்குகளுக்கு நீண்டநாள் உணவில் கொடுத்த ஆய்வுகளில் கட்டிகள் வந்தன. அதன் அடிப்படையில் 2019இல் கனடா அரசு எச்சரிக்கை விடுத்தது. சில நாள் தடவியவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் தடவுவதற்கும், மார்புக் காம்பில் பூசித் துடைக்காமலே பால் கொடுப்பதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். முகத்தில் உள்ள திறந்த புண்ணிலும் வேண்டாம், பச்சை குத்தியதுபோல நிறம் நிலைத்துவிடலாம். கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பெரியவர்களுக்கு வாயில் இந்த வெள்ளைப் படலம் திரும்பத் திரும்ப வந்தால் மருந்தை மாற்றிப் பயனில்லை. முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர் என்றால், ஒவ்வொரு முறையும் எடுத்தபின் வாய் கொப்பளிக்கிறாரா என்று கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்வோம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள்.