மெதுவாகச் சுழலும் தட்டுக்கு எந்த எண்ணெய்?

எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. இவ்வளவு மெதுவாக ஓடும் தட்டின் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு எந்த எண்ணெயாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் எண்ணெய்க்கு வேலை கடினமாவதே வேகம் குறையும்போதுதான்.

இசைத்தட்டைச் சுழற்றும் பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் அமைப்பு எளியது. தட்டைத் தாங்கும் எஃகுத் தண்டு குழல் போன்ற ஒரு வெண்கலப் புஷ்ஷுக்குள் நிற்கும். அடியில் ஓர் எஃகுக் குண்டு, அதன் கீழே அது உட்கார ஒரு சிறு வில்லை. தட்டின் முழு எடையும் குண்டின் நுனியில், ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது.

தண்டு சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்து ஒரு குறுகலான இடுக்கில் திணிக்கிறது. அங்கே அழுத்தம் கூடி, எண்ணெய்ப் படலம் தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. மழையில் பி.ஐ.இ. விரைவுச்சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் நீர்மேல் ஏறி வழுக்குவதும் இதே இயற்பியல்தான். 1883-இல் பீச்சம்ப் டவர் இந்த அழுத்தத்தைச் சோதனையில் கண்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குச் சமன்பாடு எழுதினார். படலம் உருவாக நல்ல வேகம் வேண்டும், அல்லது மிகுந்த பாகுத்தன்மை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, வேண்டும். 10 மி.மீ. தண்டின் மேற்பரப்பு 33⅓ வேகத்தில் வினாடிக்கு 17 மி.மீ. தூரம்தான் நகர்கிறது. அப்படியானால் குறைந்த வேகத்தைப் பாகுத்தன்மைதான் ஈடுகட்ட வேண்டும். அடியிலுள்ள குண்டின் நுனியிலோ வேகமே கிடையாது. அங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டபடிதான் இருக்கும், எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கும், அவ்வளவே.

சரி, கொஞ்சம் உரசினால் என்ன? இசைத்தட்டுப் பள்ளத்தின் அசைவா, பேரிங்கின் அதிர்வா என்று ஊசிக்குப் பிரிக்கத் தெரியாது. அதோடு, எல்.பி.யைப் பதியும்போது குறைத்து வைக்கும் தாழ்ந்த ஒலிகளை ஃபோனோ ஆம்பிளிஃபயர் மீண்டும் உயர்த்துகிறது: 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு பெருகும். பேரிங்கின் உறுமல் விழுவதும் அந்தப் பகுதியில்தான்.

இங்கே சிங்கப்பூரின் வெப்பமும் கணக்கில் வருகிறது. ஐரோப்பிய வீட்டின் 20 டிகிரியில் சரியாக இருக்கும் கனிம எண்ணெய், ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி வீட்டின் 30 டிகிரியில் பாகுத்தன்மையில் பாதியை நெருங்கும் அளவுக்கு இழந்துவிடும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன தரம் கிடைக்காதபோது, ஒரு படி கெட்டியானதைப் போடலாம் என்பேன். மெல்லிய எண்ணெயில் தட்டு இலகுவாகச் சுழலும், உண்மைதான். கையால் சுழற்றிவிட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்துப் பெருமைப்படுபவர்களும் உண்டு. அந்தச் சோதனை படலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தையல் இயந்திர எண்ணெய் வேகமாக ஓடும் சிறு மோட்டாருக்குப் பொருந்தும், தட்டின் பேரிங்குக்கு மெலிவு. தேங்காய் எண்ணெய் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும், இரவில் ஏர்கான் ஓடினால் போதும்.

சுத்தம் செய்யும்போது புஷ் எந்த வகை என்று பார்க்க வேண்டும். வெண்கலத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ்ஷின் நுண்துளைகளுக்குள்ளேயே எண்ணெய் ஊறியிருக்கும். அதைக் கரைப்பானில் கழுவினால் அந்தச் சேமிப்பு போய்விடும். பழைய எண்ணெயை நூல் உதிராத துணியால் துடைத்தெடுப்பதே போதும். குண்டில் தட்டையான தடமோ, வில்லையில் குழியோ தெரிந்தால் மாற்றிவிடலாம். அப்புறம், காரார்ட் 301 டர்ன்டேபிளின் ஆரம்ப வகையில் கிரீஸ் பேரிங், பிந்தையதில் எண்ணெய் பேரிங். ஒன்றுக்குரியதை மற்றதில் போடக்கூடாது.

அளவும் மாடலைப் பொறுத்தது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2-இன் கையேடு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு போதும் என்கிறது. தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை. பேரிங்கின் குழியில் எண்ணெய் நிரப்பும் வகைகளில், தண்டை இறக்கும்போது அடியில் சிக்கிய காற்று அதை மேலேயே நிறுத்தும். அழுத்தக்கூடாது, எண்ணெய் வெளியே வழிந்து தட்டைச் சுழற்றும் பெல்ட்டை நனைத்துவிடும். விட்டுவிட்டால் தானே மெல்ல இறங்கும், சில வேளை மணிக்கணக்கில். அப்படி இறங்குவது தண்டும் புஷ்ஷும் இன்னும் நெருக்கமாகப் பொருந்தியிருப்பதற்கு அடையாளம். சட்டென்று விழுந்தால் புஷ் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது.