அளவுப் புலத்தைச் சரிபார்க்காமல் மறுமுயற்சி செய்யாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில், அட்டைக் கட்டணக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதும் குழு ஒன்றில் நிரல்களைச் சரிபார்ப்பது என் வேலை. அண்மையில் ஒரு கருவி, சான்றிதழைப் படித்த சில நிமிடங்களில், அதற்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் செயலிழந்து நின்றது. "அண்ணே, முதல் தடவை பிழை வந்தாலும் ரெண்டாவது தடவை சரியா வந்துடுது" என்றார் அந்தப் பகுதியை எழுதிய தம்பி. சரியாக வந்ததுதான் கோளாறு.

சில்லைப் பாதுகாப்பான பக்கம், சாதாரணப் பக்கம் என இரண்டாகப் பிரிக்கும் ஆர்ம் தொழில்நுட்பம் டிரஸ்ட்சோன். குறியாக்கச் சாவியும் சான்றிதழும் அதன் பாதுகாப்பான பக்கத்தில் இயங்கும் நம்பகச் செயலி என்ற மென்பொருளிடம் இருக்கும். சாதாரணப் பக்கத்தில் லினக்ஸில் இயங்கும் நிரல், பஃபர் எனப்படும் ஒரு நினைவகப் பகுதியைப் பகிர்ந்து, விடையை அதில் பெற்றுக்கொள்ளும். இதற்கான விதிகளைக் குளோபல்பிளாட்ஃபார்ம் என்ற தரநிலை அமைப்பு 2010இல் வெளியிட்ட கிளையன்ட் ஏபிஐ என்ற இடைமுகம் வகுத்திருக்கிறது. பாதுகாப்பான பக்கத்துக்கான திறமூல மென்பொருளான ஆப்-டீயும் அதையே பின்பற்றுகிறது. பஃபரோடு செல்லும் அளவுப் புலம், போகும்போது நம்மிடம் உள்ள இடத்தையும் திரும்பும்போது எழுதப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையையும் குறிக்கும். இடம் போதாதபோது மட்டும், ஷார்ட் பஃபர் பிழையோடு, தேவைப்படும் அளவு அதே புலத்தில் வந்து உட்காரும். ஒரே புலத்துக்கு இத்தனை பொருள் கொடுத்தது நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் பஃபர் 2048 பைட்; சான்றிதழோ 2600. முதல் அழைப்பு தோற்றுத் திரும்பியபோது புலத்தில் 2600 ஏறிவிட்டது. எந்தப் பிழை வந்தாலும் மூன்று முறை முயலும்படி எழுதப்பட்ட சுழற்சி, அதே கட்டமைப்பை அப்படியே மீண்டும் அனுப்பியது. பஃபரை முன்பே பதிவுசெய்யாமல் தற்காலிகக் குறிப்பாக அனுப்பும்போது, லினக்ஸ் பக்கத்து நிரல் நூலகத்துக்கு ஒரு முகவரியும் ஓர் எண்ணும் தவிர வேறெதுவும் தெரியாது என்பதால், நாம் சொன்ன 2600ஐ அது நம்ப, பஃபரைத் தாண்டி அடுத்திருந்த நினைவகத்தில் 552 பைட் எழுதப்பட்டு, வெற்றி என்ற விடையும் வந்தது. பாதுகாப்பான பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை.

ஒவ்வோர் அழைப்புக்கு முன்பும் அளவுப் புலத்தில் உண்மையான கொள்ளளவை மீண்டும் எழுத வேண்டும். ஷார்ட் பஃபர் வந்தால், நாமே விதித்த உச்சவரம்புக்குள் புதிய பஃபர் ஒதுக்கிய பிறகே மறுமுயற்சி செய்ய வேண்டும். வெற்றி என்று வந்தாலும், திரும்பிய அளவு கொள்ளளவை மீறவில்லை என்று பார்த்த பின்னரே தரவை நகலெடுக்க வேண்டும்.

பகிர்ந்த நினைவகத்தில் மறுபக்கம் நேரடியாக எழுதுவது, நினைவக எல்லைமீறல்களைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரின் கண்ணில் படாது. ஆகவே, கொடுத்த இடத்தைவிட ஒரே ஒரு பைட் கூடுதலாகக் கேட்கும் போலி நம்பகச் செயலி ஒன்றை எங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்திருக்கிறோம். அதை எழுதியதும் அந்தத் தம்பிதான்.